சட்டையில் இல்லை குற்றம்!

வாலிபப் பிள்ளை இருக்கும் வீட்டில் உடைச் சண்டை இல்லாமல் இராது.

"இது என்ன சட்டை? இது என்ன கோலம்?" என்று தகப்பனார் கேட்பார்.

"இதுதான் இப்போது பேஷன்" என்று மகன் சொல்லுவான்.

இந்தச் சண்டை எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்காவிலும் உண்டு. அங்கே நியூயார்க் நகரத்தில், பாட்டையும் உடையையும் நம்பி ஒரு வாலிபர் கூட்டம் கிளம்பியது. முதலில் அந்தக் கூட்டத்தை அதன் பேட்டைக்கு வெளியே யாருக்கும் தெரியாது. சில ஆண்டுகளுக்குள் உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது.

அந்தக் கூட்டத்தின் பெயர் "ஏசாப் மாப்." "மாப்" என்றால் கும்பல் என்று பொருள். அவர்கள் உடுத்திய உடையைப் பார்த்துப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் அவர்களைக் கவிழ்த்தது உடை அல்ல, வேறொன்று. அந்த வேறொன்றை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

ராப் என்றால் என்ன?

ராப் என்பது பேசுவது போலப் பாடும் பாட்டு. அதில் ராகத்துக்கு இரண்டாம் இடம்தான். தாளம்தான் முக்கியம். தாளத்துக்கு ஏற்ப எதுகை மோனை போட்டு, சொற்களை அடுக்கிக்கொண்டே போக வேண்டும்.

இந்தக் கலை நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தது. 1973-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11-ந்தேதி, அங்கே ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் ஒரு விருந்து நடந்தது. நடத்தியவர் சிண்டி காம்பல் என்ற பெண். இசைத்தட்டு போட்டவர் அவருடைய அண்ணன். "கூல் ஹெர்க்" என்று பெயர் பெற்றவர் அவர்தான். பெண்களுக்கு 25 காசு கட்டணம். ஆண்களுக்கு 50 காசு.

எதற்காக அந்த விருந்து? பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. சிண்டிக்குப் புது உடை வாங்கப் பணம் வேண்டும். அதற்காகத்தான்!

ஆக, ராப் பாட்டின் பிறப்பிலேயே ஒரு புதுத் துணி ஆசை இருக்கிறது. ஏழைப் பெண் ஒருத்தி நல்ல உடையில் பள்ளிக்கூடம் போக ஆசைப்பட்டாள். இதில் என்ன தப்பு?

ஹார்லம் தையல்காரர்

பிராங்க்சுக்குப் பக்கத்தில் ஹார்லம். இடையில் ஓர் ஆறுதான். ஹார்லம் கறுப்பின மக்கள் பெருவாரியாக வாழ்ந்த பேட்டை. அதன் கடைத்தெருவுக்குப் பெயர் 125-வது தெரு. புகழ்பெற்ற அப்போலோ நாடக அரங்கம் அந்தத் தெருவில்தான் இருக்கிறது.

அதே தெருவில் 1982-ம் ஆண்டு டேனியல் டே என்பவர் ஒரு துணிக்கடை திறந்தார். "டாப்பர் டான்" என்று ஊரார் அவரை அழைத்தார்கள். கடைக்கு இரவும் இல்லை, பகலும் இல்லை. 24 மணி நேரமும் திறந்திருக்கும்.

ஐரோப்பாவில் பெரிய பெரிய உடைக் கம்பெனிகள் உண்டு. அவற்றின் முத்திரை போட்ட பை, பெட்டி எல்லாம் பணக்காரர் பொருள். டாப்பர் டான் என்ன செய்தார்? அந்த முத்திரைகளைத் தோல் மீது தாமே அச்சடித்தார். அந்தத் தோலில் சட்டை தைத்தார். ராப் பாடகர்களும் குத்துச்சண்டை வீரர்களும் அவர் கடையில் காத்துக் கிடந்தார்கள். குத்துச்சண்டை வீரர் மைக் டைசன்கூட அவருடைய வாடிக்கைக்காரர்.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? "எங்கள் முத்திரையை நீ எப்படிப் போடலாம்?" என்று வழக்குப் போட்டன. கடையில் சோதனை நடந்தது. சரக்குப் பறிபோனது. 1992-ம் ஆண்டு கடை மூடப்பட்டது.

சட்டப்படி கம்பெனிகள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2017-ம் ஆண்டு குச்சி என்ற இத்தாலியக் கம்பெனி ஒரு மேல்சட்டையை வெளியிட்டது. அதைப் பார்த்தவர்கள், "இது டாப்பர் டான் 1989-ம் ஆண்டிலேயே தைத்த மாதிரி அல்லவா!" என்று கூச்சல் போட்டார்கள். அதன் பிறகு அந்தக் கம்பெனியே டாப்பர் டானுடன் கூட்டுச் சேர்ந்தது. 2018-ம் ஆண்டு ஹார்லத்தில் அவருடைய தையல் கூடம் மறுபடியும் திறக்கப்பட்டது.

யார் யாரைப் பார்த்துத் தைத்தார்கள்? முதலில் தெரு கம்பெனியைப் பார்த்தது. பிறகு கம்பெனி தெருவைப் பார்த்தது!

பெயரிலேயே பாட்டு

டாப்பர் டானின் வாடிக்கைக்காரர்களில் இருவர், எரிக் பி, ரக்கீம் என்ற ராப் ஜோடி. 1987-ம் ஆண்டு அவர்களுடைய இசைத்தட்டு ஒன்று வெளிவந்தது. அட்டையில் இருவரும் டாப்பர் டான் தைத்த மேல்சட்டையுடன் நிற்கிறார்கள். அந்தப் படம் மிகப் பிரபலம்.

அடுத்த ஆண்டு, 1988 அக்டோபரில், ஹார்லத்தில் ஒரு குழந்தை பிறந்தது. பெற்றோர் அந்தப் பாடகரின் பெயரையே வைத்தார்கள்: ரக்கீம் மேயர்ஸ். அவனுடைய சகோதரிக்கு எரிக் பி-யின் பெயரையொட்டி எரிக்கா என்று பெயர். அந்த ரக்கீம்தான் பின்னால் "ஏசாப் ராக்கி" என்று பெயர் எடுத்தவர்.

ராக்கியின் இளமை சுகமானது அல்ல. போதைப் பொருள் விற்றதற்காகத் தகப்பனார் சிறைக்குப் போனார். அப்போது பையனுக்கு வயது 12. அடுத்த ஆண்டு அண்ணனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். தாயும் மகனும் வீடில்லாதவர்கள் தங்கும் விடுதியில்கூடக் காலம் தள்ளினார்கள்.

அப்படிப்பட்ட பையனுக்கு உடை மீது ஏன் அவ்வளவு மோகம்? பலர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டியதில்லை. வீடு இல்லை என்பதை யாருக்கும் காட்டாமல் நடக்க ஒரு நல்ல சட்டை போதும். ஏழைக்கு உடை என்பது ஆடம்பரம் மட்டும் அல்ல; மானமும் கூட.

பாடாத தலைவர்

ஏசாப் கூட்டம் 2006-ம் ஆண்டு வாக்கில் ஹார்லத்தில் உருவானது. அதன் மூளை யார்? ராக்கி அல்ல. ஸ்டீவன் ராட்ரிகஸ் என்ற வாலிபர். "ஏசாப் யாம்ஸ்" என்பது கூட்டத்தில் அவர் பெயர். அவரும் 1988-ல் பிறந்தவர்தான்.

யாம்ஸ் பாடகர் அல்ல. ஆடையும் தைக்கமாட்டார். ஆனால் எந்தப் பாட்டு எடுபடும், எது எடுபடாது என்று கேட்டவுடன் சொல்லிவிடுவார். 16 வயதிலேயே ஒரு ராப் கம்பெனியில் எடுபிடி வேலை பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டார்.

"ஏசாப்" என்பது நாலு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துக்களைச் சேர்த்தது. "எப்போதும் முயல், வாழ்ந்து காட்டு" என்பது அதன் கருத்து. கூட்டத்தில் சேர்ந்தவர்கள் எல்லோரும் தங்கள் பெயருக்கு முன்னால் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே குடும்பப் பெயர் இருப்பது போல!

கூட்டத்தில் பாடகர் உண்டு. இசை அமைப்பவர் உண்டு. படம் பிடிப்பவர் உண்டு. உடை வடிவமைப்பவர் உண்டு. ஏசாப் பெர்க் என்பவர் ஓவியம் கற்றவர். அவருடைய தகப்பனார் ஹார்லத்தில் துணிக்கடை வைத்திருந்தவர். பனியன்களில் எழுத்தும் சின்னமும் அச்சிட்டுக் கொடுத்தவர். பெர்க்கும் இளமையிலேயே இடைவாரும் உடையும் வடிவமைத்தார். பிறகுதான் பாட வந்தார். கூட்டத்தின் இன்னொரு தோழர் தனியாக ஓர் உடைச் சின்னமே தொடங்கினார்.

ஒருவர் கையில் இருக்கும் தொழில் மற்றவருக்கு உதவியது. இதுதான் அவர்களுடைய மூலதனம். வேறு முதல் ஏது?

30 லட்சம் டாலர்

2011-ம் ஆண்டு ராக்கியின் இரண்டு பாட்டுகள் இணையத்தில் பரவின. ஒன்று "பர்ப்பிள் ஸ்வாக்." இன்னொன்று "பேசோ." யாம்ஸ் இணையத்தில் ஒரு பக்கம் நடத்தி வந்தார். பழைய பாட்டுகள், பழைய படங்களுக்கு நடுவே தன் நண்பரின் பாட்டையும் நைசாக நுழைத்துவிடுவார். விளம்பரம் என்றே தெரியாது!

அதே ஆண்டு அக்டோபரில் ஒரு பெரிய இசைக் கம்பெனி ராக்கியுடன் ஒப்பந்தம் செய்தது. தொகை 30 லட்சம் டாலர். அதில் 17 லட்சம் ராக்கியின் சொந்தப் பாட்டுகளுக்கு. மீதி 13 லட்சம் கூட்டத்தின் கம்பெனிக்கு. தனக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போகாமல் நண்பர்களுக்கும் பங்கு கேட்டு வாங்கினார்கள். இந்த இடத்தில் அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

2013 ஜனவரியில் ராக்கியின் முதல் இசைத் தொகுப்பு கடைக்கு வந்தது. முதல் வாரத்தில் ஏறத்தாழ 1 லட்சத்து 39 ஆயிரம் பிரதிகள் விற்றன. அமெரிக்கப் பட்டியலில் முதல் இடம்! அதே ஆண்டு பெர்க்கின் தொகுப்பும் வந்தது.

உடை உலகமும் கதவைத் திறந்தது. பாரிசின் டியோர் கம்பெனி 2016-ம் ஆண்டு தன் ஆடவர் உடை விளம்பரத்தில் ராக்கியை நிறுத்தியது. நியூயார்க் பெருங் கலைக்கூடத்தில் ஆண்டுதோறும் ஓர் உடை விழா நடக்கிறது. 2025-ம் ஆண்டு விழாவின் பொருள், கறுப்பின மக்களின் உடைக் கலை. அந்த விழாவை முன்னின்று நடத்தியவர்களில் ராக்கியும் ஒருவர்.

விடுதியில் தங்கிய பையன் விழா நடத்தும் இடத்துக்கு வந்துவிட்டார். அவரை அங்கே கொண்டு போனதில் சட்டைக்கும் பங்கு உண்டு.

ஊதா நிற மருந்து

இப்போது வேறு பக்கத்தைப் பார்ப்போம்.

"பர்ப்பிள்" என்றால் ஊதா. அந்தப் பாட்டின் பெயரில் ஊதா எங்கிருந்து வந்தது? தெற்கே டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரம் இருக்கிறது. அங்கே "டி.ஜே. ஸ்க்ரூ" என்ற கலைஞர் இசைத்தட்டின் வேகத்தைக் குறைத்து, இழுத்து இழுத்து ஓட விடும் ஒரு புது முறையைக் கண்டுபிடித்தார். ஹார்லம் பையன்கள் அந்த முறையில் மயங்கினார்கள். அதைத் தங்கள் பாட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

இசை மட்டும் வந்திருந்தால் நல்லது. இசையோடு ஒரு பழக்கமும் புகழ் பெற்று வந்தது. இருமல் மருந்தைச் சோடாவில் கலந்து குடிக்கும் பழக்கம்! அந்த மருந்தின் நிறம்தான் ஊதா.

அது சாதாரண மருந்து அல்ல. அதில் "கோடீன்" இருக்கிறது. கோடீன் அபினிலிருந்து வரும் சரக்கு. டாக்டர் சொன்ன அளவில் குடித்தால் இருமலை அடக்கும். அளவுக்கு மீறினால் மூச்சையே அடக்கிவிடும். சாராயத்தோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

டி.ஜே. ஸ்க்ரூ 2000-ம் ஆண்டு நவம்பரில் இறந்தார். வயது 29. அவர் உடம்பில் கோடீனும் வேறு போதைப் பொருளும் இருந்தன. டெக்சாசின் இன்னொரு ராப் பாடகர் "பிம்ப் சி." அவர் 2007 டிசம்பரில், 33 வயதில் போனார். தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் அவருக்கு இருந்தது. இந்த மருந்தும் சேர்ந்துகொண்டது.

இரண்டு சாவுகள் கண் முன்னால் நடந்திருந்தன. அதற்குப் பிறகும் ஊதா நிறம் பாட்டில் புகழப்பட்டது. கேட்ட பையன்கள் அதுவும் ஒரு பேஷன் என்று நினைத்தார்கள். 2014-ம் ஆண்டு ஆக்டாவிஸ் என்ற மருந்துக் கம்பெனி தன் ஊதா மருந்தின் உற்பத்தியையே நிறுத்தியது. "மருந்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், அதைப் புகழ்ந்து பேசுகிறார்கள்" என்பது அது சொன்ன காரணம். லாபம் தரும் சரக்கைக் கம்பெனியே நிறுத்துகிறது என்றால், பழக்கம் எவ்வளவு தூரம் பரவியிருக்க வேண்டும்!

26 வயதில்

2015 ஜனவரி 18-ந்தேதி ஏசாப் யாம்ஸ் இறந்தார். வயது 26.

பல மருந்துகள் உடம்பில் ஒன்று சேர்ந்ததால் தற்செயலாக நேர்ந்த மரணம் என்று நகர மருத்துவ அதிகாரி முடிவு சொன்னார். அவற்றில் அபின் வகையும் இருந்தது. யாம்ஸ் தம் பழக்கத்தை விட முயலாதவர் அல்ல. சிகிச்சைக்கும் போய் வந்தவர்தான். இருந்தும் பிடி விடவில்லை.

அதே ஆண்டு மே மாதம் ராக்கியின் இரண்டாவது தொகுப்பு வந்தது. யாம்ஸின் முகத்தில் ஒரு மச்சம் உண்டு. தொகுப்பின் அட்டைப் படத்தில் ராக்கி தன் முகத்தில் அந்த மச்சத்தைப் போட்டுக்கொண்டு காட்சி தந்தார். பட்டியலில் அதுவும் முதல் இடம் பிடித்தது. ஆனால் அந்த வெற்றியைக் கண்டு மகிழ வேண்டியவர் மண்ணுக்குள் போய்விட்டார்.

2016 முதல், யாம்ஸ் நினைவாக ஜனவரி மாதத்தில் நண்பர்கள் இசை விழா நடத்தி வந்தார்கள். கூட்டத்தின் தொகுப்புகள் 2016-லும் 2017-லும் வந்தன. ஆனால் பழைய ஒட்டுறவு தளர்ந்தது. அவரவர் தனித் தனி வழியில் போனார்கள். கடைசியில், பழைய கூட்டாளி ஒருவரே, "ராக்கி என்னைச் சுட்டார்" என்று புகார் கொடுக்கும் அளவுக்குப் போனது. அதன் பேரில் நடந்த வழக்கில் ராக்கி குற்றவாளி அல்ல என்று 2025 பிப்ரவரியில் ஜூரிகள் தீர்ப்புக் கூறினார்கள். ராக்கி விடுதலை ஆனார். நட்பு? அது போனது போனதுதான்.

பாடாத, தைக்காத ஒருவர்தான் எல்லோரையும் கட்டி வைத்திருந்தார். அவர் போனதும் கட்டு அவிழ்ந்தது.

இது யார் குற்றம்?

சிலர் சொல்லுவார்கள்: "ராப் பாட்டே கெட்டது. அந்த உடையே கெட்டது. அதனால்தான் இப்படி."

இது சரியல்ல. அதே ஹார்லம், அதே 125-வது தெரு, அதே ராப் பாட்டு, அதே சட்டை. டாப்பர் டான் 80 வயதைத் தாண்டி வாழ்கிறார். பெர்க் வாழ்கிறார். ராக்கி குடும்பம் குழந்தைகளோடு இருக்கிறார். சட்டை யாரையும் கொல்லவில்லை.

வேறு சிலர், "பாட்டில் வருவதெல்லாம் வேடிக்கை. அதைப் பெரிதுபடுத்தக் கூடாது" என்பார்கள். இதுவும் சரியல்ல. பாட்டில் வரும் சட்டையைப் பார்த்து ஊர்ப் பையன்கள் எல்லாம் சட்டை வாங்கினார்கள். அப்படியானால் பாட்டில் வரும் மருந்தைப் பார்த்து மருந்து வாங்கமாட்டார்களா? துணிக்கு விளம்பரமாகும் பாட்டு, நஞ்சுக்கும் விளம்பரம் ஆகத்தானே செய்யும்? பாடுகிறவர்களுக்கு இந்தப் பொறுப்பு உண்டு.

இன்னொரு கேள்வியும் உண்டு. ஏழைப் பையன்கள் பாரிஸ் கம்பெனியின் பெயரைப் பாட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தால், பணம் யாருக்குப் போகும்? பாரிசுக்குத்தான் போகும். ஆகவே, உடுத்துவதோடு நில்லாமல் உடையைத் தாமே செய்யவும் கற்றவர்கள்தான் கெட்டிக்காரர்கள். டாப்பர் டான் செய்தார். பெர்க்கின் தகப்பனார் செய்தார். உடைப் பைத்தியம் பிடித்த பிள்ளையிடம் ஒரு கத்திரிக்கோலைக் கொடுத்துப் பார்க்கலாம். பைத்தியம் பிழைப்பாக மாறினாலும் மாறும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது

பிள்ளையின் சட்டை தொளதொள என்று இருக்கிறதா? இருக்கட்டும். ஆறு மாதத்தில் அந்த பேஷன் போய்விடும். தலைமுடி கோணலாக இருக்கிறதா? இருக்கட்டும். முடி வளரும்.

ஆனால் அலமாரியில் காலி மருந்துப் பாட்டில் இருக்கிறதா? இருமல் இல்லாத பையன் இருமல் மருந்து வாங்குகிறானா? பகலில் காரணம் இல்லாமல் தூங்கி வழிகிறானா? பேச்சுக் குழறுகிறதா? கண்மணி ஊசி முனை போலச் சிறுத்திருக்கிறதா? அங்கேதான் பெற்றோர் கண் வைக்க வேண்டும்.

மருந்து குடித்துவிட்டுத் தூங்குகிறவனை எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாக வருகிறது, குறட்டை விசித்திரமாக இருக்கிறது என்றால், "தூங்கட்டும்" என்று விட்டுவிடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அபின் வகை மருந்தின் வேகத்தை முறிக்க டாக்டர்களிடம் மாற்று மருந்து இருக்கிறது. நேரத்தோடு போனால் உயிர் பிழைக்கும்.

திட்டினால் பிள்ளை ஒளிப்பான். உடைக்காகத் தினமும் திட்டு வாங்கும் பிள்ளை, மருந்தைப் பற்றி வாய் திறப்பானா? சட்டைக்குச் சண்டை போடாத வீட்டில்தான் பிள்ளை தன் கஷ்டத்தைச் சொல்ல வருவான். ஆகவே சிறிய விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும். பெரிய விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

"எப்போதும் முயல், வாழ்ந்து காட்டு" என்பது அந்த ஹார்லம் பிள்ளைகள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். நல்ல பெயர். முயன்றார்கள், பணமும் புகழும் வந்தன. ஆனால் வாழ்ந்து காட்ட முதலில் உயிர் வேண்டும். அதைக் கெடுக்கும் சரக்கு எந்த நிறத்தில் வந்தாலும், எந்தப் பாட்டில் வந்தாலும், அது பேஷன் அல்ல, நஞ்சு.